கழிவுக்கு உடையவரே காவலரா?

1943 ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வாஷிங்டன் மாநிலத்திலே, கொலம்பியா ஆற்றங்கரையில் பழத்தோட்டம் செய்து வாழ்ந்த கமக்காரருக்கு அரசாங்கத்தின் அறிவித்தல் ஒன்று வந்தது. முப்பது நாளில் வெளியேற வேண்டும்! காரணம் சொல்லப்படவில்லை. ஹான்போர்ட் என்னும் அவ்விடத்தில் ஆக்கிய புளூட்டோனியமே 1945 ஆகஸ்ட் 9 இல் நாகசாக்கியை அழித்தது.

புளூட்டோனிய உற்பத்தி என்றோ ஓய்ந்துவிட்டது. அதன் கழிவு ஓயவில்லை. 177 நிலக்கீழ்த் தாங்கிகளில் அது கோடிக்கணக்கான கலன்களாகத் தேங்கிற்று. அவற்றுள் 149 தாங்கிகள் ஒற்றைச் சுவர் கொண்டவை. பல கசிந்து மண்ணுள் இறங்கின. 2021 இலும் மற்றுமொரு தாங்கி கசிவதாக அறிவிக்கப்பட்டது. கிணற்று நீரின் அருமை அறிந்தோருக்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதனைத் துப்புரவு செய்தேயாக வேண்டும். அதற்கென 1989 இல் மத்திய அரசின் சக்தித் திணைக்களமும், சூழற் பாதுகாப்பு நிறுவனமும், மாநில அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. நாம் கேட்பது ஒன்றே. அவ்வேலையில் இறங்கும் தொழிலாளியின் உடலில் எவ்வளவு கதிர்வீச்சுப் படலாம், அவ்வளவு மீறப்பட்டதா என்று தீர்மானிப்பவர் யார்?

சக்தித் திணைக்களமே! கழிவுக்கு உடைமைக்காரர் அது. ஒப்பந்தகாரருக்குப் பணம் கொடுப்பதும் அது. கதிர்வீச்சு விதியை எழுதுவதும், மீறியவருக்குத் தண்டம் விதிப்பதும் அதுவே. தாங்கியிலுள்ள இரசாயன நஞ்சின் மீது மாநிலச் சட்டம் செல்லும். அதே சேற்றில் இறங்குபவன் மீது படும் கதிர்வீச்சின் மீது அது செல்லாது. 1988 இல் காங்கிரஸ் அமைத்த ஐவர் கொண்ட பாதுகாப்புச் சபை சிபாரிசு செய்யலாம், கட்டளையிட முடியாது. பல்லில்லாத அச்சபையைக்கூடத் திணைக்களம் பொறுக்கவில்லை. 2018 இல் அது பிறப்பித்த ஆணை, சபை தகவல் பெறும் வழியைக் குறுக்கிற்று. அடுத்த ஆண்டில் காங்கிரஸ் சட்டமியற்றியே அவ்வழியைத் திறக்க நேர்ந்தது.

இதன் விளைவை 2017 காட்டிற்று. மே 9 இல், கழிவேற்றிய எட்டு இரயில் வண்டிகளைப் பல்லாண்டுகளுக்கு முன் உள்ளே தள்ளி மூடியிருந்த சுரங்கத்தின் கூரை இடிந்து வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே, பழைய புளூட்டோனியத் தொழிற்சாலையை இடிக்கையில் கதிரியக்கத் தூசு பறந்து 42 தொழிலாளரின் உடலுட் புகுந்தது. புகுந்த அளவு சிறிது என்றார்கள். சிறிதாகவே இருக்கட்டும். அளந்ததும் அத்திணைக்களத்தின் ஏற்பாட்டிலன்றோ?

வெளியார் கண்காணித்தால் வேலை தாமதிக்கும், தாமதித்தால் தாங்கிகள் மேலும் கசியும் என்பர். இது வெறும் சாக்கன்று. கசிவு யாருக்காகவும் காத்திராது. ஆயினும் அந்த இடிப்பு வேலை 2017 டிசம்பர் முதல் 2018 செப்டம்பர் வரை நின்றதற்குக் காரணம் கண்காணிப்பன்று. பறந்த தூசே காரணம்.

பிரித்தானியாவின் செல்லாபீல்டும் அரசுடைமையே. அங்கும் பழைய கழிவு நிறைந்த குதங்கள் கசிகின்றன. அங்கே 2017 இல் ஒரு தொழிலாளி புளூட்டோனியத்தால் மாசுற்றபோது, தனித்தியங்கும் அணு ஒழுங்கு அலுவலகம் நிருவாகத்தை நீதிமன்றத்தில் நிறுத்திற்று. 2019 இல் 3,80,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

ஹான்போர்ட்டின் தாங்கிகளை வெறுமையாக்கும் வேலை இன்னும் பல பத்தாண்டுகள் நீளும். கதிர்வீச்சுக் கண்காணிப்பைத் திணைக்களத்தின் கையினின்றும் எடுத்து, வேலையை நிறுத்தும் அதிகாரமுள்ள தனிச்சபையிடம் காங்கிரஸ் ஒப்படைக்க வேண்டும். தொழிலாளரும் அவர்தம் சங்கங்களும் அச்சபையின் முன் நேரே முறையிடும் உரிமை பெறவேண்டும்.