ஹோஸ்டின் மணி தானாக உள்ளே போகாது

"ஹோஸ்டில் என்டிபி ஓடுகிறது, அதற்குள் இருக்கும் விஎம்களின் மணியும் தானாகச் சரியாகிவிடும்." சர்வர் பார்க்கும் பலர் அடித்துச் சொல்லும் பேச்சு இது. நானும் சொன்னவன்தான். ஒரு திங்கட்கிழமை காலை, வெள்ளிக்கிழமை மாலை உறையவைத்த விஎம்மை எழுப்பினோம். வெளியே திங்கள், உள்ளே வெள்ளி. ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாகப் பொறுப்பது 5 நிமிட வித்தியாசம். எங்களிடம் இருந்ததோ இரண்டரை நாள். மதியம் வரை பாஸ்வேர்டைத்தான் சந்தேகப்பட்டோம்.

விஎம் ஒன்று ஹோஸ்டிடம் மணி கேட்பது பெரும்பாலும் பூட் ஆகும்போது மட்டும்தான். அதன்பிறகு கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் ஓடும் கெர்னல், தானே எண்ணிக்கொண்டு போகிறது. எண்ணிக்கையில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிழை இருந்தால் போதும், நாளொன்றுக்கு 4 நொடிக்கு மேல் நழுவும்.

"அதற்குத்தான் கேவிஎம்-கிளாக் இருக்கிறதே?" இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் முக்கிய வேலை எவ்வளவு நேரம் கழிந்தது என்று அளப்பது. ஹோஸ்டின் என்டிபி பிறகு செய்யும் திருத்தங்களைக் கெஸ்டின் மணியில் ஏற்றிவைப்பது அதன் பொறுப்பல்ல.

அடுத்த வாதத்துக்கு வயது அதிகம்: "விஎம்முக்குள் என்டிபி ஓட்டக்கூடாது." ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. லினக்ஸ் 2.6 கெர்னல் வந்த புதிதில், எக்ஸ்86 கணினிகளில் நொடிக்கு 1000 டைமர் இன்டரப்ட் வரும். அவற்றை எண்ணித்தான் கெர்னல் நேரம் பார்த்தது. ஒரு ஹோஸ்டில் 20 விஎம் என்றால் நொடிக்கு 20,000. சிபியுவில் தன் முறை வராமல் காத்திருக்கும் விஎம்முக்கு இன்டரப்ட்கள் தேங்கும். ஹைப்பர்வைசர் பாக்கியை மொத்தமாகக் கொட்டும். விட்டுப்போனதென்று கெர்னலும் தன் பங்குக்குக் கூட்டிக்கொள்ளும். பின்தங்கிய கடிகாரம் திடீரென முந்தி ஓடும். இப்படித் தாறுமாறாக ஓடுவதை எந்த என்டிபி பிடித்து நிறுத்தும்? ஆனால் 2007-இல் வந்த 2.6.21 கெர்னலிலிருந்தே அந்த ஓயாத இன்டரப்ட் முறை விடைபெறத் தொடங்கிவிட்டது. நோய் போய்விட்டது, பத்தியம் மட்டும் தொடர்கிறது.

அமேசான் 2017-இல் தன் கிளவுட் விஎம்களுக்கென்றே 169.254.169.123 என்ற முகவரியில் நேரச் சேவை திறந்தது. ஹோஸ்ட் சரியாக இருந்தாலே போதுமென்றால் அதற்கு ஏன் இந்த வேலை? அதே ஆண்டு லினக்ஸ் 4.11-இல் வந்த பிடிபி-கேவிஎம், ஹோஸ்டின் மணியை கெஸ்ட் நேரடியாகப் படிக்க வழி செய்தது. அங்கும் கெஸ்டில் ஓடும் குரோனி போன்ற என்டிபி நிரல்தான் போய்ப் படிக்க வேண்டும்.

"சரி, ஹோஸ்டின் மணியைக் கெஸ்டில் ஏற்றும் விஎம்வேர் டூல்ஸும் இருக்கட்டும், என்டிபியும் இருக்கட்டும்." இது இன்னும் மோசம். ஒன்று மெல்லத் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்றொன்று குறுக்கே தள்ளும். என்டிபி வைத்தால் டூல்ஸின் தொடர் ஒத்திசைவை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் ஸ்னாப்ஷாட், ரெஸ்யூம் வேளைகளில் டூல்ஸ் மணியைத் தொடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

என்டிபியை நிறுவியதோடு கடமை முடிந்தது என்பாரும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பழைய என்டிபிடி 1000 நொடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் திருத்தாது, தானே நின்றுவிடும். குரோனியில் வழக்கமாக இருக்கும் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரி முதல் மூன்று திருத்தங்களில் மட்டுமே மணியை ஒரேயடியாக நகர்த்த விடும். அடிக்கடி உறையவைத்து எழுப்பும் விஎம்மில் அந்த 3-ஐ -1 ஆக்க வேண்டும். டேட்டாபேஸ் ஓடும் விஎம்மில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். நடுவில் மணி பின்னுக்குக் குதித்தால் பதிவுகளின் வரிசை குழம்பும்.

"நாலு நொடி போனால் குடியா முழுகிவிடும்?" இரண்டு சர்வர்களின் லாக்கை அருகருகே வைத்து, எது முதலில் நடந்தது என்று தேடியவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். இந்தியாவில் இது விருப்பம் சார்ந்த விஷயமும் அல்ல. என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு, அல்லது அவற்றை அடியொற்றிய சர்வரோடு கணினிகளின் மணியை ஒத்திசைக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவிட்டிருக்கிறது.

இன்று ஏதாவது ஒரு விஎம்முக்குள் நுழைந்து 'குரோனிசி ட்ராக்கிங்' என்று தட்டிப் பாருங்கள். ஹோஸ்டில் அல்ல, விஎம்முக்குள்.