பேய்ப்படங்களில் தற்கொலை

பேய்ப்படம் விரும்பிப் பார்ப்பவர்கள் எங்கள் மருத்துவமனைக்கு வருவோரிலும் ஏராளம். நோயாளிக்குத் துணையிருப்போர் இரவில் உறக்கம் வராமல் கைப்பேசியில் பார்ப்பதும் பல நேரம் இப்படங்களைத்தான். அதில் நாங்கள் குறைகாணவில்லை. இரண்டரை மணி நேரம் அஞ்சிவிட்டு, விளக்கைப் போட்டு எழுந்து நீர் அருந்துவதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆனால் தற்கொலையால் இறந்தவர்களை இப்படங்கள் காட்டும் விதம், வாசகர்களாகிய உங்களில் சிலரது வீட்டையே தொடுவதால், அதைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று.

ஆயுள் முடியுமுன் இறந்தவரின் ஆவி எஞ்சிய காலமெல்லாம் அலையும் என்னும் நம்பிக்கை திரைப்படம் படைத்ததன்று. நம் பாட்டிமார் சொன்னதே. எனினும் தென்பாண்டிச் சீமையின் வழக்கம் அச்சத்தோடு நின்றுவிடவில்லை. அகாலத்தில் மாண்ட பலருக்கு ஊரார் பீடம் எழுப்பினர், கொடை கொடுத்தனர், வில்லுப்பாட்டில் அவர் கதையைத் தொடக்கத்திலிருந்து பாடக் கேட்டனர். இறந்தவர் பட்ட பாட்டை ஊரே விடிய விடிய உட்கார்ந்து கேட்டது. திரைப்படமோ முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆவி வரும், பழிவாங்கும், இறுதியில் யாரேனும் அதனை விரட்டுவர்.

2009-இல் வெளிவந்த ‘ஈரம்’ இவற்றுள் மேலான படம். பழைய படமாதலால் முடிவைச் சொல்வதில் குற்றமிராது. ரம்யா என்னும் பெண்ணின் மரணம் தற்கொலையெனப் பதிவாகிறது. அக்கம்பக்கத்தார் அவள் ஒழுக்கத்தைப் பழிக்கின்றனர். அவ்வம்பு ஒரு குடும்பத்தை எப்படிச் சிதைக்கும் என்பதை இயக்குநர் அறிவழகன் நேர்மையாகக் காட்டுகிறார். பின்னர் அது கொலை என்று தெரியவர, அவள் மீதான பழி நீங்குகிறது. எங்களை உறுத்துவது அவ்விடமே. மெய்யாகவே தற்கொலையால் இறந்திருந்தால் அவள் பழிக்கு உரியவளாகிவிடுவாளா? கொலையென நிறுவ வழியில்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு அப்படம் எந்த விடுதலையையும் தரவில்லை.

2024-இல் வந்த ‘டிமாண்டி காலனி 2’ மருத்துவமனைக்கு இன்னும் அணுக்கமானது. புற்றுநோயிலிருந்து மீண்ட கணவன் தற்கொலையால் இறக்கிறான். ஏன் என்று மனைவி தேடுகிறாள். நோய் நீங்கிய பிறகும் ஏன் என்பது மிகச் சரியான கேள்வி. படம் அதற்குச் சாபத்தை விடையாக்குகிறது. கதைக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களிடம், குறிப்பாக முதற்சில மாதங்களில், தற்கொலை ஆபத்து மிகுந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. சிகிச்சை முடிந்து எல்லோரும் மகிழும் வேளையில் மனச்சோர்வு வருவதும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். குடும்பச் சிக்கல்களுக்கு அடுத்த காரணமாக அதில் பதிவானது நோய், 18.4 விழுக்காடு. சாபத்தைத் தேடிக் குறி கேட்கவும் மந்திரிக்கவும் செல்லும் நாள்கள் சிகிச்சைக்கு உரிய நாள்கள்.

ஆங்கிலப் படமொன்றையும் சொல்ல வேண்டும். ‘லைட்ஸ் அவுட்’ (2016) படத்தில் மனநோயுற்ற தாய் தன்னை மாய்த்துக்கொண்டதும் பேயும் ஒழிகிறது, பிள்ளைகளும் பிழைக்கின்றனர். இதனைத் தியாகம் என்று காட்டியதை எங்களால் ஏற்க இயலவில்லை. நெடுநாள் நோயாளிகள் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “நான் போய்விட்டால் இவர்களாவது நன்றாயிருப்பார்கள்.” அந்நினைப்புக்கு அப்படம் ஆம் என்கிறது. இறந்தவரின் வீட்டாரைச் சந்தித்தவர்கள் அதற்கு ஆம் என்று சொல்லவே மாட்டார்கள்.

திரையரங்கை விட்டு வந்த பின்னும் இக்கதைகள் தெருவில் தொடர்கின்றன. ‘அந்த வீடு’ என்று விரல் நீட்டுவர். குழந்தைகளை அங்கே விளையாட விடமாட்டார்கள். துக்கத்துக்கு வருவோர் குறைவர். பெருமளவு கத்தோலிக்கர் வாழும் இக்கடற்கரையில், இத்தகையோருக்கு அடக்கச் சடங்கு மறுக்கும் பழைய திருச்சபைச் சட்டத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் உண்டு. 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. கடும் மனக்கலக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் 1992-இன் மறைக்கல்வி நூல் கூறுகிறது. நாட்டின் சட்டமும் மாறியிருக்கிறது: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும்; அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. காவல்துறை வழக்கு வரும் என்றஞ்சி மருத்துவரிடம் உண்மையை மறைக்க வேண்டியதில்லை.

முத்துக்குளிக்க இறங்குபவரின் கயிற்றை அவருடைய மைத்துனரே பிடிப்பார் என்று இக்கரையில் சொல்வதுண்டு. கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார்; ஏன் அசைத்தாய் என்று கேட்பது தோணிக்கு வந்த பிறகுதான். துணையிருப்போர்க்கு நாங்கள் கூற விரும்புவதும் ஏறத்தாழ இதுவே. உங்கள் நோயாளி விடைபெறுவதுபோல் பேசினால், உறக்கமின்றிச் சுருண்டு கிடந்தால், மருந்தை மறுத்தால், “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் அறிவுரை கூறாதீர்கள், அவரைத் தனியே விடாதீர்கள், உடனே செவிலியரையோ மருத்துவரையோ அழையுங்கள்.

படம் பார்த்த இரவிலோ வேறெந்த இரவிலோ அவ்வெண்ணம் உங்களுக்கே வந்தால், அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழக அரசின் உதவி மையத்தை 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம். 14416-இல் நாளின் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வார்டில் இருப்பவர்கள் எண்ணைத் தேட வேண்டாம். படுக்கையருகே உள்ள மணியை அழுத்தினால் போதும்.