அடுப்படிக்கு ஏன் ஃபேன் இல்லை?

சித்திரை பிறந்துவிட்டால் போதும், பத்திரிகைகளுக்கு ஒரு ஜுரம் வந்துவிடும். ‘சம்மரை ஜாலியாகக் கழிக்க 30 வழிகள்’, ‘30 வகை ஜூஸ்’, ‘30 வகை வத்தல் வடாம்’ என்று இணைப்பு இணைப்பாகப் போட்டுத் தாக்குவார்கள். எல்லாமே 30தான். 29-ஓடு நிறுத்திய புண்ணியவான் யாரையும் நான் பார்த்ததில்லை! அதிலே ஒரு பக்கம், ‘வெயில் காலத்தில் வீட்டைத் திறமையாக நடத்துவது எப்படி?’ என்று கட்டாயம் இருக்கும். ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டுங்கள், மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், ஏ.சி.யை 24-ல் வையுங்கள்... எல்லாமே உருப்படியான யோசனைகள்தான். அவற்றோடு எனக்குச் சண்டை கிடையாது. என் சண்டை வேறு.

உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை ஃபேன்? இதைப் படித்துக்கொண்டே எண்ணுங்கள். ஹாலில் ஒன்று, பெரிய ஹால் என்றால் இரண்டு. பெட்ரூமுக்கு ஒன்று. சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே ஒன்று. சமையலறையில்?

என்ன சார், சத்தத்தையே காணோம்?

வீட்டிலேயே ஒரே ஒரு அறையில்தான் நெருப்பு எரிகிறது. அந்த ஒரே ஒரு அறையில்தான் காற்று கிடையாது. இந்த விசித்திரம் நம் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. ஏனென்றால் உறுத்த வேண்டியவர்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். வீட்டு கேஸ் அடுப்பில் ஒரு பர்னர் முழு வீச்சில் எரிந்தால் சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட் வெப்பம் வருகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி இரண்டை ஒன்றாகப் போட்டு வைத்த மாதிரி. ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் வாணலி என்றால் கிட்டத்தட்ட நான்கு கிலோவாட். ஒரு டன் ஏ.சி. என்று வாங்குகிறோமே, அது ஓர் அறையிலிருந்து வெளியே தள்ளும் வெப்பம் சுமார் மூன்றரை கிலோவாட்தான். ஆக, இரண்டு பர்னரும் எரியும் சமையலறை என்பது ஏ.சி.யைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிய அறை. அந்தச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போகாமல் நேராக அறைக்குத்தான் வருகிறது. மீதியும் ஆவியாகவும் கொதியாகவும் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும். வெளியே 40 டிகிரி, உள்ளே இது. இந்த ஊரில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி கொளுத்தியதே, அன்றைக்கும் தமிழ்நாட்டின் தலைநகரத்தில் எல்லா வீட்டிலும் மத்தியானம் சாம்பார் கொதித்தது. யாராவது பட்டினி கிடந்ததாகத் தகவல் இல்லை.

‘ஃபேன் போட்டா அடுப்பு அணைஞ்சுடுமே சார்!’

இதோ வந்துவிட்டது முதல் பதில். சீலிங் ஃபேனை அடுப்புக்கு மேலேயே சுற்றவிட்டால் ஆடும்தான், அணையும்தான், கேஸ் கசிவு ஆபத்தும் உண்டு. யார் அப்படி மாட்டச் சொன்னது? சுவரில் மாட்டுகிற சின்ன ஃபேன் இருக்கிறது. அடுப்பைப் பார்க்காமல், நிற்கிறவரின் முதுகைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம். எதிர்ச் சுவரில் உயரத்தில் எக்ஸாஸ்ட் வைத்தால் சூடு வெளியே போகும். கரன்ட் அடுப்பில், அதான் இண்டக்‌ஷன், சுடரே கிடையாது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதற்குக் கவலையில்லை. ராக்கெட் விடுகிற தேசத்தில், காய் வதக்குகிறவருக்குக் காற்று விட வழி தெரியவில்லை என்று சொல்வதற்கு வெட்கமாக இல்லையா?

‘சிம்னி இருக்கே’ என்பது இரண்டாவது பதில். சிம்னி புகையை இழுக்கும். குழாய் வெளியே போனால் ஓரளவு சூட்டையும் இழுக்கும். ஆனால் வேர்வையை உலர்த்துவது உடம்பின் மேல் படுகிற காற்று. அதைச் சிம்னி தராது. அதிலும் பல ஃப்ளாட்டுகளில் இருப்பது குழாயே இல்லாத சிம்னி. எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டிவிட்டு, அதே சூட்டை அதே அறைக்குள் திருப்பி ஊதும்.

‘எங்க பாட்டி விறகடுப்பிலேயே பத்து பேருக்குச் சமைச்சாங்க’ என்பது மூன்றாவது பதில். இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் ஒரு ஆம்லெட்கூடப் போட்டிருக்க மாட்டார். பாட்டியின் சமையலறைக்கு உயரமான ஓட்டுக் கூரை, பின்னால் கொல்லைப்புறக் கதவு, நடுவே முற்றம். சூடு வெளியேற வழி இருந்தது. இருந்தும் அந்தப் புகையில் கண்ணும் நெஞ்சும் கெட்டுப்போன பாட்டிகள் எத்தனை பேர்! நம் ஃப்ளாட் சமையலறை எட்டுக்கு ஏழு. இருக்கிற ஒரே ஜன்னல் டக்ட் பக்கம் பார்க்கும், அதையும் பாதி அடைத்துக்கொண்டு தண்ணீர் ஃபில்டர். பில்டர் தரும் வரைபடத்தைப் பாருங்கள்: மிக்ஸிக்கு பாயின்ட், கிரைண்டருக்கு பாயின்ட், ஃப்ரிஜ்ஜுக்கு, மைக்ரோவேவுக்கு, ஃபில்டருக்கு. மெஷினுக்கெல்லாம் யோசித்திருக்கிறார்கள். மனுஷிக்குத்தான் பாயின்ட் இல்லை.

கோடையை ரசிக்கக் கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி வண்டியாக ஓடுகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். சென்னைக் கோடை மாதிரி ருசியான காலம் உண்டா? தெருமுனையில் நுங்கு, தள்ளுவண்டியில் கிர்ணிப்பழம், உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய வெள்ளரிப் பிஞ்சு, பங்கனப்பள்ளி, அது முடிந்தால் ருமானி. மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று உள்ளே வரும். அது லேட்டாக வருகிற அன்றைக்குத்தான் ஊர் எரியும். காற்று வந்துவிட்டால் ஆறு மணிக்கு பெசன்ட் நகர் மணலில் கால் நீட்டி உட்காரலாம், அந்தச் சுகத்தை எந்த மலையும் தராது.

சரி, அந்த ஆறு மணிக்கு உங்கள் வீட்டு அம்மா எங்கே இருக்கிறார்?

ராத்திரி டிபனுக்குச் சட்னி அரைக்கிறார். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு என்கிறோம். லீவு விட்டால் வீட்டில் இன்னொரு வேளை சமையல், நாலு மணிக்கு பஜ்ஜி, ஊரிலிருந்து வந்த அத்தை மக்களுக்குக் கூடுதலாக ஒரு உலை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்றால் அடுப்படிக்கு டபுள் ஷிஃப்ட். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம்; செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 ஆகக் குறைந்தது. அடடா, பத்து நிமிடம் முன்னேற்றம் என்று கை தட்டப் போனால், ஆண்களும் 88-க்கு இறங்கிவிட்டிருந்தார்கள்!

இந்த தோசை சமாசாரத்தையும் பேசிவிடுகிறேன், மனசில் இருக்கிறது. இட்லியைப் பதினாறாக வேக வைத்து இறக்கிவிடலாம். தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். நாலு பேர், ஆளுக்கு நாலு, ஒன்றுக்கு இரண்டு நிமிடம். முப்பத்திரண்டு நிமிடம் காய்ந்த கல்லின் முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு ஒருத்தர் நிற்க வேண்டும். நாம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, ‘அம்மா, இன்னொண்ணு முறுகலா!’ என்று குரல் கொடுப்போம். ஆறிய தோசை தொண்டையில் இறங்காதாம். கடைசியில் அவர் தனக்கு வார்த்துக்கொள்ளும் இரண்டும் ஆறித்தான் போயிருக்கும். அது மட்டும் எப்படி இறங்குகிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அக்னி நட்சத்திரம் முடிகிற வரைக்குமாவது ராத்திரி தோசைக்குத் தடை போடுங்கள். முறுகல் வேண்டுமென்றால் திருப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு நீங்களே போய் நில்லுங்கள்.

அரசாங்கத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வெயில் அறிவுரைகளில், உச்சி வேளையில் சமைக்காதீர்கள், சமைக்கும் இடத்தின் கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று எழுதியே இருக்கிறது. அதைச் சமைக்கிறவர் படித்துப் பிரயோஜனமில்லை. பன்னிரண்டரைக்குச் சுடச்சுடச் சோறு கேட்கிறவர் படிக்க வேண்டும்.

எட்டு மணிக்குள் அடுப்பை அணைத்துவிட முடியும். முதல் நாளே பருப்பை ஊற வைத்தால் பாதி நேரத்தில் வேகும். சோற்றை ஹாட்பாக்ஸில் போட்டால் மத்தியானம் வரை தாங்கும். குழம்பு ஒன்று, காய் ஒன்று, மோர். அப்பளம் பொரிக்காவிட்டால் குடும்பம் கலைந்துவிடாது. வாரத்தில் இரண்டு நாள் பழைய சோறு, சின்ன வெங்காயம், மாவடு என்று வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் முகம் சுளிப்பது இரண்டு நாள்தான். திறமையான வீடு என்றால் மூன்று வேளையும் ஆவி பறக்கிற வீடு என்று எவன் எழுதி வைத்தான்?

செலவைச் சொல்லி மழுப்ப முடியாதபடிக்கு அதையும் சொல்லிவிடுகிறேன். புது ரக பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். பெட்ரூம் ஒன்றரை டன் ஏ.சி. அதை ஓரிரு ராத்திரியில் குடித்துவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிக்கும் சேர்த்து ரேட் ஏறுமே என்று பயந்தால், ஏ.சி.யில் அரை மணி நேரத்தைக் குறையுங்கள். அடுப்படியில் கை வைக்காதீர்கள்.

சமைக்க ஆள் வைத்திருக்கிறேன் என்று சிலர் நழுவப் பார்ப்பார்கள். அவர்கள் வீட்டுக்கு ஃபேன் இன்னும் அவசியம். அந்த அம்மா உங்கள் வீட்டை முடித்துவிட்டு இன்னும் இரண்டு சமையலறைக்குப் போய், சாயங்காலம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தன் வீட்டுக்கும் சமைக்க வேண்டியிருக்கலாம்.

வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட்டால் ஓனர் கத்துவார் என்கிறீர்களா? சின்ன டேபிள் ஃபேன் போதும். ஃப்ரிஜ் பக்கத்து பிளக்கில் செருகி, மேடையின் அந்தக் கோடியில், முதுகைப் பார்த்து வையுங்கள். ஒயர் மட்டும் அடுப்புப் பக்கமோ ஸிங்க் பக்கமோ தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த வீடு என்றால் எலெக்ட்ரீஷியனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேர வேலை. அவர் டிரில் போடும்போது சுவர்த்தூள் கொட்டும், அன்றைக்குச் சமைக்க முடியாது. எல்லோருக்கும் ஹோட்டலில் வாங்கி வந்துவிடுங்கள்.

வாங்கப் போவது நீங்களாக இருக்கட்டும், சார்.