ஒரே ஒரு யூனிட் கூடினால் ரூ.243 எகிறும்: சிவகாசி வெயிலில் கரண்ட் பில்லை அடக்குவது எப்படி?

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் பில் ரூ.1,805. அதுவே 501 யூனிட் ஆகிவிட்டால் ரூ.2,048. கூடியது ஒரே ஒரு யூனிட், ஆனால் ரூ.243 எகிறிவிடுகிறது. வெயில் காலத்தில் பல வீடுகள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

ஏன் இப்படி? 2024 ஜூலையில் அமலான வீட்டுக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2.35 மட்டும்தான். 500-ஐத் தாண்டினால் இந்தச் சலுகை போய், அதே 100 யூனிட்டுக்கும் ரூ.4.70 போடுவார்கள். தாண்டிய யூனிட்டுக்கு ரூ.8.40. 600-க்கு மேல் ரூ.9.45. மேலே ஏற ஏற விலையும் ஏறும்.

8 யூனிட் கணக்கு

500-ஐ 60 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 8 யூனிட் சொச்சம். மனதில் வைக்க வேண்டிய எண் இதுதான். காலையில் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் திரும்பப் பாருங்கள். 8-க்கு மேல் போனால் பில் வருவதற்கு முன்பே உஷாராகிவிடலாம். ரீடிங் எடுக்கும் மாதமும் முக்கியம். ஏப்ரல் தொடக்கத்தில் எடுத்து ஜூன் தொடக்கத்தில் எடுத்தால், கொளுத்தும் இரண்டு மாதமும் ஒரே பில்லில் உட்கார்ந்துகொள்ளும். மாதாமாதம் கணக்கெடுப்போம் என 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்தது இந்தச் சிக்கலுக்காகத்தான்.

பட்டறையில் ஃபேன் கிடையாது

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இது வெறும் பில் பிரச்சனை இல்லை. மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால்தான் பட்டாசும் தீப்பெட்டியும் இங்கே வேரூன்றின. ஆனால் அந்தத் தொழிலில் மருந்து கலக்கும், மருந்து செலுத்தும் அறைகளில் மின்விசிறி வைக்க முடியாது. ஒரு சின்னப் பொறி போதும், கட்டடமே போய்விடும். பகல் வெளிச்சத்தில், வியர்வையோடு முடிக்க வேண்டிய வேலை அது. பகல் முழுக்க காற்றில்லாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவரிடம் "ஃபேனை நிறுத்தி மிச்சம் பிடி" என்று சொல்வது நியாயமே இல்லை. அவருக்கு ராத்திரித் தூக்கம் முக்கியம். அதனால் ஃபேனை நிறுத்துவது யோசனை அல்ல, மாற்றுவதுதான் யோசனை.

ஃபேன்தான் முதல் செலவு

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். தினமும் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். 560 யூனிட் ஓடும் ஒரு வீட்டில் இரண்டு ஃபேனை மாற்றினால் 479-க்கு இறங்கிவிடும். பில் ரூ.2,544-ல் இருந்து ரூ.1,673 ஆகும், அதாவது ரூ.871 மிச்சம். மூன்றாவது ஃபேனை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு விஷயம், பெரிய பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தாலும் கரண்ட் பெரிதாக மிச்சமாகாது, மீதி சூடாகவே போகும்.

மொட்டை மாடிதான் அடுப்பு

பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் கான்கிரீட் தளம், ராத்திரி அதை வீட்டுக்குள் கக்கும். பத்து மணிக்கும் ஃபேன் அனல் காற்றை இறக்குவது அதனால்தான். மாடியைச் சுத்தம் செய்து சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ இரண்டு கோட் அடித்தால் உள்ளே சில டிகிரி குறையும். தகரக் கூரை, சிமென்ட் ஷீட் வீடுகளில் வித்தியாசம் இன்னும் நன்றாகவே தெரியும். பந்தல்குடி பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டும் மாவட்டத்தில் இதற்குப் பெரிய செலவில்லை. மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதை லேசாக நினைக்க வேண்டாம். தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கூலரா, ஏசியா?

காற்று காய்ந்திருக்கும் விருதுநகரில் கூலர் சென்னையைவிட நன்றாக வேலை செய்யும், கரண்டும் ஏசியைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் அது தண்ணீர் குடிக்கும். குடத்தை விலை கொடுத்து வாங்கும் தெருவில் அந்தக் காசையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கணும், இல்லையென்றால் புழுக்கம்தான்.

ஏசி இருந்தால் 24 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு. 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கு அதே குளிர்ச்சி கிடைக்கும்.

சோலார்?

2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். சொந்த மாடி உள்ளவர்களுக்குச் சரி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அது சுண்ணாம்பு அடிக்கச் சம்மதிக்க வைப்பதைவிடக் கஷ்டம்.