கோழி வராவிட்டாலும் ஆபத்துதான்!

என் தம்பி சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்க்கிறான். ஒரு பிப்ரவரி 15-ம் தேதி அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று சங்கு ஊதும் சத்தம்! பதறிப் போய், "என்னடா அது?" என்றேன். "பயப்படாதேக்கா, வருஷா வருஷம் இதே நாள் சாயங்காலம் 6.20-க்கு ஊதுவாங்க" என்று சிரித்தான்.

1942-ல் அந்த நாளில்தான் சிங்கப்பூரில் இருந்த வெள்ளைக்காரப் படை ஜப்பானிடம் சரணடைந்தது. குடிதண்ணீர் தீரும் நிலை வந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். அதை மறக்காமல் 1984 முதல் 'முழுமைத் தற்காப்பு' என்று மக்களுக்குச் சொல்லித் தருகிறார்களாம்.

குட்டி நாட்டுக்கு ஆபத்து துப்பாக்கியோடுதான் வரணும்னு இல்லை. சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022 ஜூனில், தன் ஊரில் விலை ஏறுதேன்னு மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூருக்கு மூன்றில் ஒரு பங்கு கோழி அங்கிருந்துதான்! உடனே பிரேசில் கோழி, இந்தோனேசியா கோழி என்று மாற்று வழி தேடினார்கள். ஒரே கடையை நம்பாத குடும்பத்தலைவி மாதிரி! மலேசியாவின் ஜோகூர் தண்ணீருக்கு 2061 வரைதான் ஒப்பந்தம். அதனால் கழிவுநீரைச் சுத்தம் செய்தும், கடல்நீரைக் குடிநீராக்கியும் இப்போதே தயாராகிறார்கள்.

மலையடிவாரத்தில் இருக்கிற எனக்கு இது நன்றாகவே புரிகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. மேலே இருக்கிற நாத்தனார் வீட்டில் பால் இல்லை. அரிசி, பருப்பு இருந்ததால் சமாளித்தாள்.

இன்னொரு ஆபத்து போன் வழியாக வருகிறது. 2018-ல் சிங்கப்பூரில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் கம்ப்யூட்டர் வழியே திருடு போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் போனது. விவரம் போனால் என்ன என்று நினைத்தவள்தான் நானும். போன மாதம் ஒருவன், "உங்க தம்பி போலீஸில் மாட்டிக்கிட்டான், பணம் அனுப்புங்க" என்றான். தம்பி பேர், வேலை எல்லாம் சரியாகச் சொன்னான். கை நடுங்கிப் போச்சு. போனை வைத்துவிட்டுத் தம்பிக்கே போட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்!

சகோதரிகளே, நாட்டைக் காப்பது ராணுவத்தின் வேலை மட்டுமல்ல. பத்து நாளுக்கு அரிசி, பருப்பு வீட்டில் இருக்கட்டும். போனில் யார் அவசரப்படுத்தினாலும், வைத்துவிட்டுச் சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள். இது நம்மால் முடியாத காரியமா என்ன?

- ஒரு வாசகி, அடிவாரம், சேலம் மாவட்டம்.