டி.சி.யை யாருக்குக் கொடுத்தாய் தம்பி?

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பாதியில் ஓடிவிடாதீர்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் என் மாணவன் ஒருவன், இப்போது அவனும் வாத்தியார், ஒரு சேதி போட்டிருந்தான். அவன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு ஹாஸ்டல் பெண் ஒரு பையனுக்கு எழுதிய கடிதம் பிடிபட்டதாம். டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம், பள்ளியின் மானம் தப்பியதாம். முப்பது பேர் கைதட்டல் போட்டிருந்தீர்கள். பையன் என்ன ஆனான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் தனியாகக் கேட்டேன். "அவங்க அப்பா கமிட்டியில இருக்கார் டீச்சர், எச்சரிச்சு விட்டுட்டோம்" என்றான்.

இதே மானத்தை நானும் ஒருமுறை காப்பாற்றியிருக்கிறேன். தொண்ணூறுகளில், நான் எட்டாம் வகுப்பு டீச்சர். பள்ளி எது என்று கேட்காதீர்கள். அங்கே இரண்டு வகைப் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். பணம் கட்டுகிற ஹாஸ்டலில் இருந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவார், சாத்தூர் சேவு வரும். ஆதிதிராவிடர் நல விடுதிப் பெண்ணுக்குப் பொங்கலுக்குத்தான் ஆள் வரும். அந்தப் பையன் சேவில் பாதியைக் காகிதத்தில் மடித்து அவளுக்குக் கொடுத்திருக்கிறான். அவள் கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து நான்கு வரி எழுதியிருக்கிறாள். சேவு நன்றாக இருந்தது, பரீட்சை முடிந்து ஊருக்குப் போனால் என்னை மறந்துவிடாதே. அவ்வளவுதான். அதை ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்தது நான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் அப்பா வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். கையில் கரியோடு அப்படியே வந்து வாசலில் நின்றார். உட்காருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. "அடிச்சுக்கூட வளங்க டீச்சரம்மா, படிப்பை மட்டும் நிப்பாட்டிறாதீங்க" என்றார். நிப்பாட்டினோம். இரண்டே வருஷத்தில் அவளுக்குக் கல்யாணம். பதினெட்டு வயசெல்லாம் யார் பார்த்தார்கள்? பையன் அங்கேயே ப்ளஸ் டூ முடித்தான்.

ஒரு கடிதத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு என்றால் தண்டனை எப்படி ஒருத்திக்கு மட்டும் போனது? விடுதியின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் நாங்கள் ஒழுக்கத்தை அளந்தோம். 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள், நல்லதுதான். பலகையில் பெயின்ட் அடிக்கலாம், ஸ்டாஃப் ரூமுக்கு யார் அடிப்பது?

இதுவே விடுதிப் பையனாக இருந்து, பெண் வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எச்சரிக்கையோடு விடுவீர்களா? போக்சோ என்று ஸ்டேஷனுக்கு நடப்பீர்கள். அந்தச் சட்டம் வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிக்க வந்ததல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. உன் மாணவி ஒன்பதாவது. அதனால் நீ தப்பித்தாய் தம்பி.

இன்னொன்று. வீட்டுக்குப் போன் போட்டு, "பையன் இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று சொன்னீர்களே, அந்த ஒரு வாக்கியம் எங்கே போய் முடியும் என்று யோசித்தீர்களா? 2015-இல் கோகுல்ராஜ், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டப்பகலில் சங்கர். இருவரும் கல்லூரியில் படித்த பிள்ளைகள். 2023-இல் நாங்குநேரியில் காதலே இல்லை, நன்றாகப் படித்ததுதான் குற்றம், பள்ளிக்கூடத்துப் பையன்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். இந்த மண்ணில் சாதியைச் சொல்லிப் புகார் கொடுக்கிற வாத்தியார் வெறும் தகவலா சொல்கிறார்?

"அப்படியானால் காதலிக்கட்டும் என்கிறீர்களா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இல்லை. கண்டியுங்கள், இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, ஒரே வார்த்தையில். கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வேறு யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள்.

தம்பி, இந்த வருஷம் இன்னும் முடியவில்லை. அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உன் ஹெட்மாஸ்டரிடம் பேசு. அவள் வீட்டுக்குப் போக உனக்குக் கூச்சமாக இருந்தால் ஊர்ப் பெயரை மட்டும் எனக்கு அனுப்பு. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருச்சுழியிலிருந்து நான் கிளம்பி வருகிறேன். முழங்கால் வலிதான், பரவாயில்லை.