இடக்கையா, வலக்கையா?

காலாப்பட்டுச் சகோதரி ஒருவர், மாமனார் சேர்த்த பழைய கச்சேரிப் படங்களை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறாராம். வீட்டில் ஒரே சண்டை: மிருதங்கத்தில் உசத்தி பாலக்காடு மணி அய்யரா, பழனி சுப்பிரமணிய பிள்ளையா?

நல்ல சண்டைதான்! மணி அய்யர் (1912–1981) வாசித்தால் பாட்டே மிருதங்கத்தில் கேட்கும். ஆனாலும் தொப்பியில் எழும் அந்தக் கும்காரத்துக்காக என் ஓட்டு பிள்ளைக்கே (1908–1962).

பிள்ளையவர்கள் இடக்கைக்காரர். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமானால் அவர் பாடகரின் இடப்பக்கம் உட்கார வேண்டும். பிடில்காரர் வலப்பக்கம் மாற வேண்டும். அதற்குச் சம்மதியாத வித்வான்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிடிவாதமாக அவரை ஆதரித்தார். அப்படிக் கிடைத்த இடத்தை, நெகடிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுப்பவர் ஒரு நொடியில் பறித்துவிடுகிறார். பிள்ளை வலக்கைக்காரராகிவிடுவார்; மணி அய்யரோ இடக்கைக்காரர்!

கண்டுபிடிப்பது சுலபம். பிடில்காரரைப் பாருங்கள். வில் வலது கையில் இருந்தால் படம் சரி. இடது கையில் இருந்தால் திருப்பியது.

பெயர்களைப் படத்தின் பின்புறம் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மாமனாரே ஏதாவது குறித்திருக்கவும் கூடும். ஆகையால், சகோதரி, அந்தக் கோந்துப் புட்டியை முதலில் மூடி வையுங்கள். மூலைகளைச் செருகும் காகித முக்கோணங்களே போதும்.